கண் கொடுத்தவர் பாதியில் கைவிடலாமா?

 

"கண்ணுக்குள் சிப் வைத்தாச்சு, இனி பார்வையின்மையே இல்லை" என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது, பார்த்திருப்பீங்க. செய்தியில் உண்மை இருக்கு. ஆனால் அதற்குள் ஒரு தர்மக் கேள்வியும் இருக்கு. அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். கண் தானத்தில் கிடைப்பது கருவிழி மட்டும்தான். பின்னால் இருக்கும் விழித்திரை கெட்டுப்போனால் தானம் வாங்கி மாற்ற முடியாது. அங்கேதான் இந்தச் சிப் வருகிறது. பிரைமா என்ற கருவி 2 மில்லிமீட்டர் சதுரம்தான், அதில் 378 பிக்சல். விழித்திரைக்கு அடியில் வைக்கிறார்கள். கண்ணாடியில் இருக்கும் கேமரா எடுக்கும் படம் அகச்சிவப்பு ஒளியாகச் சிப்பின் மேல் விழுகிறது. சிப் அதை மின்துடிப்பாக மாற்றி நரம்புக்குக் கொடுக்கிறது. வயதானவர்களுக்கு வரும் விழித்திரை மையச் சிதைவுக்காக ஐரோப்பாவில் 38 பேருக்குச் சோதனை நடந்தது. ஒரு வருடம் கழித்துச் சோதித்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். 2025 அக்டோபரில் முடிவு வெளியானது. கருப்பு வெள்ளைதான், ஆனாலும் எழுத்து படிக்கிறார்கள். சந்தோஷமான செய்திதான்.

இப்போது இன்னொரு கதை. இதற்கு முன்னால் ஆர்கஸ் 2 என்று ஒரு கருவி இருந்தது. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் செய்தது, 2013-ல் அங்கே அனுமதி கிடைத்தது. 60 மின்முனைகள். கதவு எங்கே, ஜன்னல் எங்கே என்று வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் வைத்துக்கொண்டார்கள். 2019-ல் நிறுவனம் அதைக் கைவிட்டது. 2020-ல் பணம் தீர்ந்து பெரும்பாலான ஊழியர்களை அனுப்பிவிட்டது. கருவி மட்டும் அவர்கள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ரிப்பேர் செய்ய ஆளில்லை. "எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா?" என்று கேட்டால் பதில் சொல்லக்கூட ஆளில்லை.

பிரைமாவை உருவாக்கிய பிரெஞ்சு நிறுவனம் பிக்சியமும் பணமில்லாமல் திவாலானதுதான். 2024-ல் சயின்ஸ் என்ற வேறு நிறுவனம் வாங்கியதால் கருவி தப்பித்தது.

நான் சாஃப்ட்வேர் ஆள். "இந்த வெர்ஷனுக்கு இனி சப்போர்ட் கிடையாது" என்று மெயில் அனுப்புவது எங்கள் வேலையில் சகஜம். போன் என்றால் வேறு வாங்கிக்கலாம். கண்ணுக்கு அந்த மெயில் வந்தால்?

"அப்படிப் பார்த்தால் எந்த நிறுவனமும் புதுசா எதையும் செய்ய முன்வராதே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் போடுகிறவர் நஷ்டத்துக்குப் பயப்படுவார். ஆனால் அந்த நஷ்டத்தை இப்போது யார் தாங்குகிறார்கள்? உடம்பைக் கொடுத்தவர் தாங்குகிறார்.

நம் அருணகிரிநாதர் கதை ஞாபகம் இருக்கா? பார்வை போன பிரபுடதேவ மன்னனுக்காகப் பாரிஜாத மலர் கொண்டுவர, தன் உடலைத் திருவண்ணாமலை கோபுரத்தில் விட்டுவிட்டுக் கிளி உடலில் போனார். சம்பந்தாண்டான் அந்த உடலை எரித்துவிட்டான். உடம்பு போச்சே என்று பூவோடு எங்கேயோ பறந்துவிடவில்லை. கிளியாகவே வந்தார், மன்னனுக்குப் பார்வை வந்தது. இங்கே நஷ்டம் முழுக்கக் கொடுத்தவருடையது. நிறுவனங்கள் அருணகிரியாக வேண்டாம், நஷ்டத்தில் பாதியாவது ஏற்கலாமே.

நம்ம பக்கமே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. 1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இறக்குமதி லென்ஸ் ஏழைக்கு எட்டவில்லை என்று 1992-ல் ஆரோலேப் வழியாகத் தானே லென்ஸ் செய்ய ஆரம்பித்தது. கண்புரை ஆபரேஷனில் அந்த லென்ஸை ஒருமுறை வைத்தால் போதும், செய்த கம்பெனியின் தயவு அதற்கப்புறம் தேவையில்லை. சிப் அப்படியில்லை. கண்ணாடி, பேட்டரி, சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் செய்தவர் கூடவே இருக்கணும்.

நெல்லிக்குப்பத்தில் என் பெரியப்பா மகனுக்கு மாலைக்கண்ணில் ஆரம்பித்து விழித்திரை தேய்ந்துகொண்டே வருகிறது. கரும்பு டிராக்டர் ஓடும் சீசனில் ஆறு மணிக்கு மேல் ரோட்டுக்கு வரமாட்டார். அவருக்கும் அந்த ஃபார்வர்ட் வந்தது. பிரைமா சோதனை அவர் நோய்க்கானது இல்லை என்று சொன்னேன். ஆர்கஸ் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "இருட்டு எனக்குப் பழகிடும்டா. ஒருதரம் வெளிச்சத்தைக் காட்டிட்டு அணைச்சா, அதைத்தான் தாங்க முடியாது."

அவருக்காக நான் கேட்பது இதுதான். நாளைக்கு அவர் நோய்க்கும் ஒரு சிப் வரட்டும், நம்ம ஊருக்கும் வரட்டும். ஆனால் முதல் ஆபரேஷனுக்கு முன்னாலேயே பராமரிப்புக்கான பணத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கணும். கம்பெனி மூடினால் வரைபடமும் சாஃப்ட்வேரும் மருத்துவமனைகள் கைக்குப் போகணும். இதைச் சட்டமாக்கணும். கண் கொடுப்பதை விற்பனையாக மட்டும் பார்த்தால் பில் போட்டதோடு பொறுப்பு முடிந்துவிடும்; வாங்கியவருக்கோ அன்றுதான் ஆரம்பம்.

அந்த ஃபார்வர்டை அனுப்பும் நமக்கும் ஒரு சின்னப் பங்கு இருக்கு. வீட்டில் பார்வை குறைந்தவர் இருந்தால், அது எந்த நோய்க்கு என்று பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்லுங்க. கேள்வி கேட்பாங்க, பொறுமையா பதில் சொல்லுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!