யாருக்கு நன்றி?

2024ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 2ஆம் நாள் மாலை. டோக்கியோவின் ஹனேதா விமான நிலையத்தில் தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்றிருந்த கடலோரக் காவற்படையின் சிறு விமானத்தின் மீது மோதிற்று. நெருப்பைச் சுமந்தபடி ஓடி நின்ற பெரிய விமானத்திலே 379 பேர். அத்தனை பேரும் உயிருடன் வெளியேறினர்!

"அதிசயம்!" என்று ஏடுகள் கொட்டை எழுத்தில் தீட்டின. ஆண்டவன் அருளென்று கரம் குவித்தோரும் உண்டு. அருள்தானா, தோழர்களே? சிறு விமானத்தில் இருந்த அறுவரில் ஐவர் மாண்டனரே, அதற்கு என்ன பெயர்? முந்திய நாள் நிலநடுக்கத்தால் நொறுங்கிய நோட்டோ தீபகற்பத்து மக்களுக்கு உதவிப் பொருள் கொண்டுசெல்ல நின்றவர்கள் அவர்கள். இரக்கப் பணிக்குப் புறப்பட்டோரை எரித்துவிட்டு மற்றையோரைக் காத்த அருளின் கணக்கு நமக்கு விளங்கவில்லை.

மகிழ்ச்சிப் பெருக்கிலே வாயில் வந்த சொல், அதனோடு வழக்காடுவானேன் என்பர் சிலர். வழக்காடத்தான் வேண்டும். நன்றிக்குரியவரை மறைத்துவிடுகிறது அந்தச் சொல்.

நடந்தது என்ன? உள்ளே புகை. அறிவிப்புக் கருவி செயலிழந்தது. பணிப்பெண்கள் கையிலிருந்த ஒலிபெருக்கியாலும் தம் தொண்டையாலும் வழிகாட்டினர். இருந்த வாயில்கள் எட்டு. வெளியே நெருப்பு எங்கே என்று பார்த்து, மூன்றை மட்டும் பயன்படுத்தினர். பயணிகள் பெட்டி படுக்கையை மறந்து சறுக்கி இறங்கினர். (பெட்டிக்காக ஒருவர் நின்றால், பின்னால் நிற்பவர் வெந்துபோவார். ஒழுக்கம் என்பது சில வேளை ஒரு பெட்டியை விட்டுவருவதிலே இருக்கிறது!) எல்லாரும் இறங்கியபின் தலைமை விமானி இறங்கினார். 18 நிமிடங்களில் முடிந்தது வேலை.

இந்தத் திறமை வானிலிருந்து விழுந்ததன்று. 1985 ஆகஸ்டு 12 அன்று அதே நிறுவனத்தின் விமானம் மலையிலே மோதி 520 பேர் மாண்டனர். அதன் சிதைவுகளை 2006 முதல் ஒரு கூடத்தில் வைத்துத் தன் பணியாளருக்குக் காட்டிவருகிறது அந்நிறுவனம். அதே திங்கள் 22ஆம் நாள், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தரையிலேயே தீப்பற்றிய விமானத்தில் 55 பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது புகை. இறக்கையருகே உள்ள வாயில்களுக்குச் செல்லும் இடைவெளி அங்கே அகலமானது அதன் பின்னர்தான். இன்று பெரிய பயணி விமானம் எதுவும், பாதி வாயில்களைக் கொண்டே 90 நொடியில் அனைவரும் வெளியேற முடியும் என்று மெய்ப்பித்தால்தான் பறக்க இசைவு பெறும். மாண்டவர் கொடுத்த கடனிலே வாழ்கிறோம் நாம்.

தீயணைப்போர் இருக்கிறார்களே, அவர்களை எண்ணுவார் யார்? ஓடுபாதையின் எந்த மூலைக்கும் 3 நிமிடத்துக்குள் அவர்கள் வண்டி சேர்ந்து நுரை பீய்ச்ச வேண்டும். 2 நிமிடமே விரும்பத்தக்கது என்பது அனைத்துலக விதி. அதற்காக இரவும் பகலும் ஒத்திகை. பெருந்தீ ஒன்றைக்கூடக் காணாமலே ஓய்வு பெறுவோர் பலர். "சும்மா இருப்பவனுக்குச் சம்பளமா?" என்று கேட்கும் நாக்கும் உண்டு. நாம் பாடம் நடத்தும் பள்ளியிலும் சிவப்பு வாளிகள் தொங்குகின்றன, உள்ளே மணலுக்குப் பதில் காகிதக் குப்பை! "இதுவரை தீப்பிடித்ததா என்ன?" என்கிறார்கள்.

அதிசயம் என்போர் கேளாத கேள்வி ஒன்று உண்டு. விமானத்தின் நீள அகலத்தைப் பார்த்து, நிலையங்களின் தீயணைப்புக் காவலை 1 முதல் 10 வரை தரம் பிரித்துள்ளனர். மிகப் பெரிய வகை விமானங்கள், நெரிசல் மிகுந்த மூன்று மாதங்களில் 700 முறைக்குக் குறைவாக ஏறி இறங்கினால், காவலை ஒரு தரம் குறைத்துக்கொள்ளலாம் என்கிறது விதி. அறிவற்ற கணக்கென்று தள்ளிவிட முடியாது. எல்லாக் காவலையும் எங்கும் குவிக்கப் பொருள் போதாதுதான். ஆனால், அந்த அரிய பயணத்தில் அமர்ந்திருப்பவர் இக்கணக்கை அறிவாரா? அவரைக் கேட்டா குறைத்தார்கள்? பயணச்சீட்டிலே விலை இருக்கிறது, இருக்கை எண் இருக்கிறது. இறங்கப்போகும் நிலையத்தின் தீயணைப்புத் தரத்தை யாரும் அச்சிடுவதில்லை.