தண்ணீரில் பங்கு என்பது என்ன?

தண்ணீர்ப் பங்கீடு என்றாலே நமக்கு அளவுதான் ஞாபகம் வருகிறது. எத்தனை டிஎம்சி, எத்தனை நாள், எந்த மடைக்கு எவ்வளவு நேரம். பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் சுமார் 3.77 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டு. எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தர நீர் இல்லை. நான்கு மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுகிறார்கள். அங்கே திருட்டு உண்டு, ராத்திரியில் வாய்க்கால் கரையில் கைகலப்பும் உண்டு. ஆனாலும் எடுத்தவன் யார், இழந்தவன் யார் என்று விரல்நீட்டிக் காட்டிவிடலாம்.

நொய்யலில் அப்படிக் காட்ட முடியவில்லை. 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, ஈரோடு, கரூர்ப் பக்க நிலங்களுக்குப் பாய வேண்டியது. சில ஆண்டுகளிலேயே அது திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. தண்ணீர் திறந்துவிடு என்று கேட்க வேண்டிய ஆயக்கட்டுக்காரர்கள், தயவுசெய்து திறக்காதே என்றார்கள். அளவில் ஒரு குறையும் இல்லை. அணையில் தண்ணீர் நிறைய இருந்தது.

அந்தப் பக்கம்தான் என் பெரியப்பாவின் தோட்டம். அவர் சொன்னது எனக்கு இன்றும் சரியாகத்தான் படுகிறது: “தண்ணி வரலைன்னா எவன் மறிச்சான்னு போய்ச் சண்டை புடிக்கலாம் கண்ணு. வந்து கெடுத்துப்போட்டா யாருகூடப் புடிக்கறது?”

பருத்தித் துணியில் சாயம் ஏற நிறைய உப்பு போட வேண்டும். துணி சாயத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது, உப்பு அநேகமாக அப்படியே கழிவோடு வெளியேறிவிடும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தை எடுத்துவிடும், கரைந்த உப்பை எடுக்காது. பார்க்கத் தெளிந்த தண்ணீர், பாய்ச்சினால் மண் இறுகிப்போகும். ஒரு பட்டறையைத் தனியே கேட்டால், ‘நான் விட்டது கொஞ்சம்தானே’ என்று சொல்லும், அதில் பொய்யும் இருக்காது. கொஞ்சங்கள் சேர்ந்த இடத்தில்தான் பெரியப்பாவின் கிணறு இருந்தது.

ஆகவே என் கேள்வி இது: கெடுப்பது எடுப்பதற்குச் சமமா? எடுப்பதைவிட மோசம் என்றே நினைக்கிறேன். எடுத்தவன் இந்தப் போகத்தை எடுக்கிறான், அடுத்த மழைக்கு நிலம் மீண்டுவிடும். கெடுத்தவனோ இன்னும் வராத போகங்களையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறான்.

இதில் விவசாயியை மட்டும் அப்பாவியாக நிறுத்திவைக்க எனக்கு மனமில்லை. திருப்பூரைச் சுற்றிக் கிணற்று நீரை லாரிலாரியாகச் சாயப்பட்டறைக்கு விற்றவர்களும் தோட்டக்காரர்கள்தான். சட்டம் அவர்கள் பக்கம். நிலத்தடி நீரை நிலத்துக்காரன் விருப்பப்படி எடுக்கலாம் என்பது 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டக் காலத்திலிருந்து வரும் எண்ணம். பக்கத்துத் தோட்டத்தின் ஊற்றும் தன் ஊற்றும் ஒன்றுதான் என்று தெரிந்தே மோட்டாரைப் போட்டார்கள்.

“பனியன் கம்பெனி இல்லீன்னா உங்கக்கா கல்யாணம் ஆயிருக்குமா?” என்று கேட்பவர்களும் எங்கள் சொந்தத்தில் உண்டு. நியாயமான கேள்விதான். அக்கா ஆறு வருஷம் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாள். ஆனால் அந்தச் சம்பளம் அவள் உழைப்புக்கான கூலி. தையல் மெஷின் முன்னால் முதுகொடிய உட்கார்ந்து வாங்கியது. அதையே கிணற்றுக்கும் நஷ்டஈடாக எழுதிக்கொண்டால் ஒரே காசை இரண்டு கணக்கில் காட்டுவதாகாதா?

நீதிமன்றங்கள் இதைப் புரிந்துகொண்டன என்றுதான் சொல்ல வேண்டும். ஆற்றில் ஒரு சொட்டுக் கழிவும் விடக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் சொன்னது. கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்படியும் கழிவு நிற்காததால் 2011 ஜனவரியில் பட்டறைகள் எல்லாவற்றையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். பல ஆயிரம் பேர் வேலையிழந்தார்கள். அவர்களில் பாதிப்பேராவது எங்களைப்போலத் தண்ணீர் கெட்ட ஊர்களிலிருந்து போனவர்களாக இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இப்போது கழிவுநீரை வடிகட்டி, காய்ச்சி, திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பெரிய மாற்றம், மறுக்கவில்லை. கடைசியில் மிஞ்சுவது எதற்கும் உதவாத கலப்பு உப்பு. ஆற்றில் விடக்கூடாது, வாங்கவும் ஆளில்லை என்று மூட்டைகட்டிக் கொட்டகைகளில் அடுக்குகிறார்கள். அந்த மூட்டைகள் யாருடைய பங்கு என்று இன்னும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.