சீக்குக் குதிரையும் காந்தி ஸ்டாம்ப்பும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி... எந்தக் கடைத்தெருவிலாவது கல்லாவுக்குப் பக்கத்தில் சின்ன ஊதா விளக்கு ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். ஐந்நூறு ரூபாய் நோட்டை அதன் கீழ் காட்டுவார்கள். நல்ல நோட்டின் தாள் மங்கலாகவே கிடக்கும். சாதாரண வெள்ளைத் தாளில் அச்சடித்தது என்றால் நீலமாகப் பளீரிடும். (சட்டைப் பையோடு சோப்புப் பவுடரில் குளித்து வந்த நல்ல நோட்டும் பளீரிடும். உடனே போலீஸைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.)

தாளை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் 1950-ஐ ஒட்டித்தான் பரவலானது. ஆகவே பழைய அட்டைகளும் ஸ்டாம்ப்புகளும் சேர்ப்பவர்களுக்கு இந்த விளக்கு ஒரு வரப்பிரசாதம். அமெரிக்காவில் பழைய பேஸ்பால் அட்டைகளில் மூலைக்கு ஒட்டுப்போட்டது, சாயம் பூசியது எல்லாம் இதில் மாட்டுகிறது. நம் ஊரில் காந்தி ஸ்டாம்ப். 1948 ஆகஸ்ட் 15-ல் வெளியானது. அச்சடித்தது சுவிட்சர்லாந்தில்! (கதர் கட்டியவருக்குச் சீமை அச்சு.) நான்கு ஸ்டாம்ப்புகளில் பெரியது 10 ரூபாய். தபால் முத்திரை விழாததற்கு, விழுந்ததைவிடப் பல மடங்கு விலை. விடுவார்களா? முத்திரையை மருந்தில் கழுவி, முதுகில் புதுப் பசை தடவி, 'புத்தம் புதுசு' ஆக்கிவிடுவார்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஊதா வெளிச்சத்தில், கழுவிய மை பெரும்பாலும் நிழலாக எழுந்துவரும்.

விற்பவர் பொய் சொன்னாரா? அவர்தான் வாயே திறக்கவில்லையே!

பி.காம். பாடத்தில் எனக்கு மறக்காமல் நிற்பது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. வெறும் மௌனம் மோசடி ஆகாது என்கிறது. உதாரணமும் தருகிறது. சீக்குக் குதிரையை ஒருவன் ஏலத்தில் விற்கிறான், சீக்கைச் சொல்லவில்லை. மோசடி இல்லை. வாங்குவது, அப்போதுதான் மேஜரான அவன் சொந்த மகள் என்றால்? சொல்லியே ஆகவேண்டும்.

எனக்கு அந்த மகள்தான் உறுத்தல். அப்படியானால் ஸ்டாம்ப் கண்காட்சியில், சேர்த்துவைத்த பாக்கெட் மணியோடு நிற்கிறானே காலேஜ் பையன், அவன் யார்? சட்டம் அவனை அந்நியர் வரிசையில் நிறுத்தலாம். கடைக்காரருக்கும் அப்படித்தானா?

இதைவிடச் சாமர்த்தியம் ஒன்று உண்டு. விளக்கைப் போட்டே பார்க்காமல் இருப்பது. 'சத்தியமா எனக்குத் தெரியாதுங்க' என்று சொல்லலாம். அது நிஜமும்கூட. பூதக்கண்ணாடி மட்டுமே இருந்த காலத்தில் இதை ஒப்புக்கொண்டிருப்பேன். சில நூறு ரூபாய்க்கு ஊதா டார்ச் கிடைக்கிற நாளில், தெரியாமல் இருக்க மெனக்கெட வேண்டும். ஒட்டுப்போடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. மியூசியத்தில் கிழிந்த ஓவியத்துக்கும் ஒட்டுப்போடுகிறார்கள், போட்டதை எழுதியும் வைக்கிறார்கள்.

அதே 17-ஆம் பிரிவில் வாங்குகிறவருக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 'நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்று எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லிவிட்டால், அதன்பின் மௌனமும் பேச்சுக்குச் சமம். அதனால் ஆல்பத்தைப் புரட்டும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். 'தெரியாதுங்க' என்று பதில் வந்தால், 'டார்ச் கொண்டுவந்திருக்கேன், போட்டுப் பார்த்துடலாமா சார்?' என்று கேளுங்கள். கேட்கும்போது ஸ்டாம்ப்பைப் பார்க்க வேண்டாம், அவர் முகத்தைப் பாருங்கள்.