பருந்துகளுக்கு என்ன சாதி?

பறவை பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் நம்ம தோழர்களுக்குச் சிரிப்பு வருகிறது. "வயித்துப்பாடு தீந்தவன் வேல அது, நமக்கெதுக்கு?" என்கிறார்கள். இந்தச் சிரிப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஏரிக்கரையில் வேலைவெட்டி இல்லாமல் சும்மா நின்று பார்ப்பது யாருக்கு வாய்க்கும், யாருக்கு வாய்க்காது என்கிற கேள்வி அதற்குள் இருக்கிறது. சேரி எப்போதும் பார்க்கப்பட்டே வந்திருக்கிறது. கணக்கெடுக்க வந்தவன் பார்த்தான், ஆராய்ச்சிக்கு வந்தவன் பார்த்தான், ஓட்டு கேட்க வந்தவன் பார்த்தான். நாம் நின்று பார்த்தால்தான் வில்லங்கம்.

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு இது தெரிந்த கதை. உறையூர்த் திருப்பாணாழ்வார் கோயிலுக்குள் நுழைய முடியாமல் காவிரியின் அக்கரையில் நின்றே அரங்கனைப் பார்த்துப் பாடினார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்கர் விலகச் சொன்னார். மெய்மறந்து நின்றவருக்குக் காதில் விழவில்லை. கல் விழுந்தது, ரத்தம் வந்தது. இதை வைணவர்களே சொல்கிறார்கள். பிறகு லோகசாரங்கர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார் என்பதைத்தான் பெருமையாக விரித்துச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கல்தான் கண்ணில் நிற்கிறது.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரி மாணவர்கள் ரெண்டு பேரோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி, லால்குடி தாண்டிப் புள்ளம்பாடிப் பக்கம் போனேன். அந்தத் திசையில் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கு இப்போது பேர் உண்டு. 1999இல் சரணாலயம் ஆயிற்று, 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தைப் பார்க்க ஆட்கள் போகிறார்கள். நாங்கள் போனது அங்கே அல்ல. வழியில் கிடக்கிற, யாரும் எட்டிப் பார்க்காத சின்ன ஏரிகளுக்கு.

ஒரு கரையில் பெரியவர் ஒருத்தர் மறித்தார். "எந்த ஊரு தம்பி?" ஸ்ரீரங்கம் என்றேன். "அப்படிங்களா, வாங்க. கோயிலுக்குப் பக்கத்துலீங்களா?" குரலில் மரியாதை ஏறிவிட்டது. "இல்லீங்க, கொள்ளிடக் கரை. காலனி." அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசவில்லை. கூட வந்த மாணவனைப் பார்த்து, "யாரக் கேட்டுக் கரையில ஏறினீங்க?" என்றார். அதுவரை அந்த ஏரிக்கு அனுமதி தேவைப்படவில்லை.

2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பறவை பார்த்துக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர் என்கிற கறுப்பர், நாயைக் கட்டிப் பிடியுங்கள் என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் சொன்னார். ஒரு கறுப்பன் மிரட்டுகிறான் என்று அவள் போலீசுக்குப் போன் போட்டாள். அதே நாளில்தான் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ் கொன்றது. கையில் பைனாகுலர் இருந்தாலும் உடம்பு எந்த உடம்பு என்றுதான் பார்க்கிறார்கள். நமக்கு 1927இலேயே மகாத் பாடம் சொல்லிவிட்டது. சவ்தார் குளத்தில் மாடு குடிக்கலாம், கொக்கு குடிக்கலாம். மார்ச் 20 அன்று அம்பேத்கரும் மற்றவர்களும் குடித்ததும் அடி விழுந்தது, பிறகு சாணமும் மூத்திரமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள்.

அடுத்த ஏரியில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு ஆயா எங்களுக்குப் பேர் பேராகச் சொல்லிக்கொடுத்தது. மடையான், உள்ளான், நீர்க்காக்கா, தாழைக்கோழி. அதன் வீட்டுக்காரர் அந்த ஏரிக்கு மடை திறந்து மூடியவர். அந்தத் தண்ணி பாய்கிற ஆயக்கட்டில் அவர்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. மேலே ரெண்டு பருந்து சுற்றின. ஒன்று செம்மண் நிறம், வெள்ளைத் தலை. இன்னொன்று கரும்பழுப்பு. மாணவன் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனான், கருடனாம். ஆயா சொன்னது: "ரெண்டும் பெராந்துதான்டா. ரெண்டும்தான் கோழிக்குஞ்சத் தூக்குது."

படித்தவர்கள் இப்படிச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் எழுதிய பறவை நூல்களில் கருடனுக்கு 'பிராமினி கைட்' என்று பேர், கரும்பருந்துக்கு 'பரையா கைட்' என்று பேர். 1941இல் சாலிம் அலி எழுதிய புத்தகத்திலும் அப்படியே வந்தது. பிராமினி என்றதால் சைவம் என்று நினைக்க வேண்டாம். அது செத்த மீனும் நண்டும் கசாப்புக் கழிவும் தின்னும். மைனாவிலும் ஒரு பிராமினி உண்டு, உச்சியில் குடுமி வைத்தது. இதிலே ஒரு வேடிக்கை: 1832இல் சைக்ஸ் என்கிற வெள்ளைக்காரர் இந்தப் 'பரையா' பருந்துக்கு வைத்த விஞ்ஞானப் பேர் 'கோவிந்தா'. ரங்கநாதர் ஊர்க்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்!

இப்போது வரும் நூல்களில் 'பரையா கைட்' இல்லை. 'பிளாக் கைட்' ஆகிவிட்டது. ரொம்ப நல்லது. ஆனால் பிராமினி போகவில்லை. கீழே இருந்த பேரை எடுத்துவிட்டு, மேலே இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, சாதியை எடுத்துவிட்டோம் என்கிறார்கள். பறையன் என்றால் வசவு, பிராமணன் என்றால் வெறும் வர்ணனை என்கிற நினைப்புதான் இதற்குள் இருக்கிறது. இழிவு மட்டும்தான் சாதி, பெருமை சாதி இல்லையா?

"பேர்ல என்ன இருக்கு தோழர்? பேர மாத்தினா நிலம் வந்துருமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். வராது. 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல் போகும், எங்கள் தெரு ஊருக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் பெரியவர் முகம் மாறியதைப் பார்த்தவனிடம் பேரில் ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதி மெக்கவுன் பேர் ஒரு சிறு பறவைக்கு இருந்தது. 2020இல் அதை எடுத்தார்கள். ஆள் பேர் தாங்கிய பறவைகளுக்கெல்லாம் வேறு ஆங்கிலப் பேர் வைப்பதென்று அங்குள்ள பறவையியல் சங்கம் 2023இல் முடிவு செய்தது. அங்கே எடுத்தது கௌரவித்த பேரை. இங்கே யாரும் கை வைக்காதது அதில்தான்.

நாங்கள் நோட்டில் செம்பருந்து என்றும் கரும்பருந்து என்றும் எழுதிக்கொண்டோம். ராத்திரி மாணவன் அன்றைய பட்டியலை ஆங்கிலத்தில் இ-பேர்டு தளத்தில் ஏற்றினான். கரும்பருந்து 'பிளாக் கைட்' என்று போனது. செம்பருந்தை 'பிராமினி கைட்' என்றுதான் ஏற்ற முடிந்தது.