கட்டு இல்லாமல் விடுதலை உண்டா?

புதுச்சேரிக்கு அருகே, ஒதியம்பட்டை அடுத்த வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் இருக்கிறது. இதுபோன்ற பழைய சிவாலயங்களின் பெருங்கதவுகளுக்குப் பெரும்பாலும் இரும்புக் கீல் கிடையாது. அவை குடுமியில் சுழல்பவை. கதவின் ஓரக்கட்டை மேலும் கீழும் முளையாக நீண்டிருக்கும். மேல்முளை நிலையின் துளைக்குள் நுழைந்திருக்க, கீழ்முளை கல்லில் குடைந்த குழியில் உட்கார்ந்திருக்கும். பாரம் முழுவதும் அந்தக் குழியின் மேல்தான். நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கதவை, குடுமிக்கு எதிர் விளிம்பில் கைவைத்து ஒருவரே தள்ளித் திறந்துவிடலாம்.

குடுமியிலிருந்து கழற்றிவிட்டால் அந்தக் கதவை எந்தக் கட்டும் தடுக்காது. ஆனால் சுவரில் சாய்த்துவைத்த பலகையாகத்தான் அது கிடக்கும்.

கட்டினால்தான் ஒரு பொருள் இயங்குகிறது என்றால், பாசத்திலிருந்து விடுபடுவதே வீடுபேறு என்னும் சைவம் இதற்கு என்ன சொல்லும்?

உடலும் இதே கேள்வியைத்தான் எழுப்புகிறது. முழங்கையில், மேற்கை எலும்பின் உருண்ட முனையை முன்கை எலும்பொன்று கொக்கிபோலக் கவ்வியிருக்கிறது. கையை நீட்டினால் கொக்கியின் நுனி, மேற்கை எலும்பின் பின்புறக் குழியில் முட்டி நிற்கும். அதற்குமேல் கை பின்னால் வளையாது. பக்கவாட்டில் விலகாதபடி தசைநார்கள் இருபுறமும் பிடித்திருக்கின்றன. தோளுக்கு இத்தனை கட்டுப்பாடு இல்லை, எல்லாப் பக்கமும் சுழலும். ஆனால் பெரிய மூட்டுகளில் அடிக்கடி பிசகி இடம் மாறுவதும் தோள்தான். முழங்காலோ, நிமிரும் கடைசிக் கட்டத்தில் சற்றே திருகிப் பூட்டிக்கொள்கிறது. அதனால்தான் சன்னிதியில் நெடுநேரம் நின்றாலும் தொடைத் தசை எளிதில் களைப்பதில்லை.

சைவத்தின் விடையை அதன் சித்தாந்த மரபில் காணலாம். புதுச்சேரிக்கு மேற்கே திருவெண்ணெய்நல்லூரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மெய்கண்டார், 12 சூத்திரங்களில் சிவஞானபோதத்தைத் தந்தார். அந்த மரபு மூன்று மலங்களைச் சொல்கிறது: ஆணவம், கன்மம், மாயை. மூன்றும் கட்டுகள்தான், ஆனால் ஒரே வகைக் கட்டுகள் அல்ல. ஆணவம் உயிரின் அறிவை மறைக்கிறது. மாயையோ உடலும் கருவிகளும் உலகும் நுகர்பொருளும் தந்து, மறைந்த அறிவு சிறிதேனும் விளங்க உதவுகிறது. ஆகவே சித்தாந்தத்தில் உடல் வெறும் தளை அல்ல. இறைவன் அருளோடு கொடுத்த கருவி.

அந்தக் கருவியும் ஒருநாள் நீங்கும். அப்போதும் உயிர் தனியே விடப்படுவதில்லை. எதைச் சார்கிறதோ அதன் தன்மையைப் பெறுவது உயிரின் இயல்பு. வீடுபேற்றில் அது மலத்தைச் சார்வதை விட்டு இறைவன் திருவடியைச் சார்கிறது. விடுதலை என்று சித்தாந்தம் சொல்வது இந்த இடமாற்றத்தைத்தான். சார்பே இல்லாத தனிமையை அது விடுதலையாகக் கருதவில்லை.

இதனால்தான் அந்த மரபின் நான்கு நெறிகளில் முதலாவதான சரியை, கோயிலைக் கூட்டுவது, மெழுகுவது, பூத்தொடுப்பது என உடலால் செய்யும் தொண்டிலிருந்து தொடங்குகிறது. அப்பர் முதுமையிலும் கையில் உழவாரத்தோடு ஊர் ஊராக நடந்து, திருமுற்றங்களில் மண்டிய புல்லைச் செதுக்கினார்.