புதுக் குட்டிக்குக் கேழ்வரகு பிஸ்கட்

நாய்க்குட்டியை எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. புது வீட்டில் முதல் சில இரவுகள் அது அழும். தாயின் வாசம் படிந்த பழைய துணியைப் படுக்கையில் போட்டால் சற்று அடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட, திருநின்றவூரிலிருந்து புறநகர் ரயிலில் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது.

பிஸ்கட்டுக்குக் கேழ்வரகு மாவு, வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஒரு முட்டை போதும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். கெட்டியாகப் பிசைந்து மெல்லிய வில்லைகளாகத் தட்டி, ஓவன் இல்லாத வீட்டில் தோசைக்கல்லில் சிறுதீயில் இருபுறமும் ஈரம் வற்றும்வரை சுட வேண்டும். நன்கு ஆறிய பிறகே கொடுக்கலாம். முதல் நாள் ஒரு சிறு துண்டு போதும். வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் மேலும் தரலாம். எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும், ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தின்பண்டம் தாண்டக் கூடாது.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை மூன்றும் நாய்க்கு நஞ்சு. வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு வேறு: மிஞ்சிய சாம்பார் சாதத்தைத் தட்டில் வைப்பது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும், வெந்திருந்தாலும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையில் தள்ளும்.