கேட்கப்பட்டோரும் எண்ணப்பட்டோரும்

இரண்டு அரசுகள் உடன்பாடு காணும்போது, அதனால் வாழ்வு மாறப்போகும் மக்களைக் கேட்கும் கடமை அவற்றுக்கு உண்டா? ஊவாவின் தோட்டங்களில் இவ்வினா ஏட்டளவில் நின்றதன்று.

வடபுலத்தில், 1751இல், நோர்வேயை அன்று ஆண்ட டென்மார்க்கும் சுவீடனும் எல்லை வகுத்தன. சாமி இனத்தார் துருவ மான் மந்தைகளைப் பருவந்தோறும் ஓட்டிச் சென்றது அவ்வெல்லையின் குறுக்கேதான். (தமிழ்ச் செவிக்கு வேறு பொருள் தரும் இப்பெயர் அவர்கள் தமக்கு வழங்கிக்கொண்டதே.) ஷ்னிட்லர் என்னும் அதிகாரி 1740களிலேயே அவர்களைச் சாட்சிகளாக அழைத்து விசாரித்திருந்தார். உடன்படிக்கையின் பின்னிணைப்பு, போர்க்காலத்திலும் அவர்கள் மந்தையுடன் எல்லை கடக்கலாம் என்றது. மன்னர்கள் நாடியது வரியும் நிலமுமே, கருணையன்று. 1852இல் நோர்வே–பின்லாந்து எல்லை மூடப்பட்டபோது அப்பகுதியில் இவ்வழக்கு முறிந்தும் போயிற்று. எனினும் 1751ஆம் ஆண்டின் ஏடு மந்தை நடக்கும் வழியை அறிந்திருந்தது.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அறிந்ததோ தொகையை மட்டுமே. இரு நாட்டுப் பிரசாவுரிமையும் அற்றோரெனக் கணக்கிடப்பட்ட 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். பசறையிலும் லுணுகலையிலும் மலைச்சரிவைத் தேயிலைக் காடாக்கியோரின் இசைவு பெறப்படவில்லை. பின்னர் விண்ணப்பப் படிவம் நீட்டப்பட்டது உண்மையே. பங்கு பிரித்தபின் விருப்பம் வினவுவது கேட்டதாகுமா?

1924இல் பதுளையை எட்டிய இருப்புப்பாதையில் தேயிலை இறங்கியது. பின்னர் மக்களும் இறங்கினர். ஒரே லயத்தில் பிறந்தோருள் ஒருவர் தலைமன்னார் நோக்கிக் கோச்சி ஏற, மற்றவர் மேடையில் நின்றார். 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கியபோது, சென்றோருட் பலர் நீலகிரியில் தமிழக அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து பறித்தே முதுமை எய்தியிருந்தனர்.